வாத்து வேட்டைக்கு எத்தனை பேர் போகலாம்?

சனிக்கிழமை விடியலில் வயலுக்குப் போவதாக வெள்ளிக்கிழமை மாலை பேச்சு எழும்போது மூன்று பேர்தான் இருப்பார்கள். ஒருவர் தன் மைத்துனரையும் கூட்டி வரலாமா என்று கேட்பார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மைத்துனருக்கு ஒரு அலுவலக நண்பர். அந்த நண்பருக்கு ஒரு பையன், புதிதாக வேட்டை உரிமம் எடுத்தவன். இரவு பத்து மணிக்குள் எட்டுப் பேராகிவிடும். எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா, காற்று எந்தப் பக்கம் என்று மணிக்கணக்கில் அலசுகிற நாம், எத்தனை பேர் என்பதை மட்டும் அதன் போக்கில் விட்டுவிடுகிறோம்.

அப்படி எட்டுப் பேராகப் போன ஒரு காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அறுவடை முடிந்த வயல். ஆளுக்கொன்றாக எட்டுப் படுக்கை மறைவிடங்களை வரிசையாக விரித்து, மேலே வைக்கோலைச் செருகிப் படுத்திருந்தோம். முதல் கூட்டமாகப் பத்துப் பன்னிரண்டு கனடா கூஸ்கள், அதாவது பெரிய வகை வாத்துகள், காலைத் தொங்கப்போட்டு இறங்கி வந்தன. “இப்போ!” என்று ஒருவர் குரல் கொடுப்பதற்கு முன்பே இன்னொருவர் எழுந்துவிட்டார். அப்புறம் ஐந்து நொடிக்குள் ஏறக்குறைய இருபது வெடி. விழுந்தவை மூன்று. அந்த மூன்றில் ஒன்று தன்னுடையது என்று சொன்னவர்கள் ஐந்து பேர். அடிபட்ட இன்னொன்று தாழப் பறந்து பக்கத்து வயலையும் தாண்டி விழுந்தது. அதைத் தேடி எடுக்க முக்கால் மணி நேரமானது. அதற்குள் இரண்டு கூட்டங்கள் வந்து, வயலில் ஆள் நடமாட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டன. என் இடது காது மத்தியானம் வரை அடைத்தே இருந்தது.

அடுத்த வாரம் அதே வயலுக்கு மூன்று பேர் போனோம். அள்ளிக்கொண்டு வந்தோம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விழுந்த ஒவ்வொன்றும் யாருடையது என்று எங்களுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து நான் இரண்டு எண்களைத் தனித்தனியாக யோசிக்கிறேன். எத்தனை பேர் போகிறோம் என்பது ஒன்று. ஒரே நேரத்தில் எத்தனை பேர் தோட்டா போட்ட துப்பாக்கியோடு உட்கார்கிறோம் என்பது இன்னொன்று. இவை இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குழு அளவு பற்றிய சச்சரவு பெரும்பாலும் இவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் வருகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் வருகிற சட்டமும் பழக்கமும் அமெரிக்காவையும் கனடாவையும் சேர்ந்தவை. இந்தியாவில் காட்டு வாத்துகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை. தமிழில் டக், கூஸ் இரண்டையும் வாத்து என்றே சொல்லிவிடுகிறோம். வேட்டையில் இவை இரண்டும் வேறு வேறு காரியம் என்பதால் பெரியதைக் கூஸ் என்றே எழுதுகிறேன்.

சட்டம் ஆளுக்கு, கூட்டத்துக்கு இல்லை

பெரிய குழுவுக்கு ஆதரவாக எப்போதும் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு. பறவைகள் வலசை போகும் வழிகளை வைத்து அமெரிக்காவை நான்கு வலசைப் பாதைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அட்லாண்டிக், மிசிசிப்பி, மத்திய பாதைகளில் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பெரும்பாலும் 6 வாத்து. பசிபிக் பாதையில் 7. ஆறு பேர் போனால் 36 வாத்து வரை எடுக்கலாமே என்பார்கள். தாளில் சரிதான்.

ஆனால் அந்த வரம்பு தனித்தனி ஆளுக்கானது. ஆறு பேர் சேர்ந்து 36 என்று பொதுக்கணக்கு எழுத முடியாது. தன் ஆறை எடுத்து முடித்தவர், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பருக்காக ஏழாவதைச் சுடக் கூடாது. வயலிலிருந்து வண்டிக்குக் கொண்டுவரும் வழியிலும் யாரிடமும் அவரவர் அன்றைய வரம்புக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லாருடைய வாத்துகளையும் ஒரே குவியலாகப் போட்டுவிட்டு மற்றவர்கள் காலாற நடந்துபோக, குவியலுக்குப் பக்கத்தில் நிற்கிறவரிடம் அதிகாரி வந்து கேட்டால் பதில் சொல்வது கடினம். தன் பறவைகளை இன்னொருவர் பொறுப்பில் விட்டுப் போவதென்றால் பெயர், முகவரி, கையொப்பம், எத்தனை, எந்த இனம், எந்த நாள் என்று எழுதிய சீட்டு கட்டியிருக்க வேண்டும்.

இனக் கணக்கு இதைவிடச் சிக்கல். மல்லார்ட் என்ற வாத்தினத்தில் பெட்டை இரண்டுக்கு மேல் கூடாது என்பது பல இடங்களில் உள்ள விதி. சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே சுடலாம் என்கிறது சட்டம். அந்த அரையிருட்டில் சேவலின் பச்சைத் தலை சரியாகத் தெரியாது. இரண்டு பேர் இருக்கும் மறைவிடத்தில் ஒரு பெட்டை விழுந்தால், “அது என்னுடையது” என்று ஒருவர் ஏற்றுக்கொண்டு தன் கணக்கில் சேர்த்துக்கொள்வார். ஆறு பேர் சேர்ந்து சுட்ட கூட்டத்தில் மூன்று பெட்டைகள் விழுந்தால் யார் ஏற்பது? நல்லவர்கள்கூட அந்த நேரத்தில் வாயைத் திறக்காமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கை விதிகள் ஆண்டுதோறும் மாறுவதால் அந்தந்தப் பருவத்துக்கான அறிவிப்பைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆனால் அவரவர் கணக்கு அவரவருக்கு என்பது மாறுவதில்லை.

வலசைப் பறவைகளுக்கான துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. எட்டுப் பேர் என்றால் 24 தோட்டா. அத்தனையும் ஒரே சிறு கூட்டத்தின் மேல். அவற்றில் பாதி, வேறொருவர் ஏற்கெனவே அடித்த பறவையின் மேல்தான் போகும். எல்லாருடைய கண்ணும் முன்னால் வருகிற பறவையிலேயே நிற்கும். பின்னால் வந்த ஏழெட்டும் யாரும் குறிவைக்காமல் தப்பிப் போகும், அல்லது அவசரத்தில் எட்டாத தூரத்தில் சுடப்பட்டுக் காயத்தோடு போகும். தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளை ரவை என்போம். நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவை அமெரிக்காவில் 1991 முதலும் கனடாவில் 1999 முதலும் நாடு முழுக்கத் தடை. இப்போது பெரும்பாலும் எஃகு ரவைதான். எஃகு ஈயத்தைவிட லேசு, சீக்கிரம் வேகம் இழக்கும். 35 மீட்டருக்கு மேல் போனால் கொல்வதைவிடக் காயப்படுத்தும் வாய்ப்புதான் அதிகம். கூட்டம் கூடக்கூட, “யாராவது அடிப்பார்கள்” என்ற நினைப்பில் தூரத்துச் சூடும் கூடுகிறது.

வரிசை நீளும்போது

எட்டுப் பேர் இரண்டு மீட்டர் இடைவெளியில் படுத்தால் வரிசையின் நீளம் 14 மீட்டர். இதனால் கோடியில் இருப்பவருக்குப் பறவை எட்டாது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் தூரம் பெரிய பிரச்சினையே இல்லை. வரிசையின் நடுவுக்கு நேரே 25 மீட்டரில் இறங்கும் பறவை கோடியாளுக்கு 26 மீட்டரில்தான் இருக்கும்.

ஆபத்து கோணத்தில் இருக்கிறது. இறங்க வந்த கூஸ் ஏதோ சந்தேகப்பட்டு இடப்பக்கம் விலகுகிறது என்று வைத்துக்கொள்வோம். இடக்கோடிக்கு 10 மீட்டர் அப்பால், 15 மீட்டர் முன்னால் இருக்கிறது. வலக்கோடியில் படுத்திருப்பவருக்கு அது 28 மீட்டர். சுட எட்டும் தூரம், ஆசை காட்டும் தூரம். ஆனால் அவர் தன் நேர்ப்பார்வையிலிருந்து 58 பாகை இடப்பக்கம் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பினால் அவருடைய குழல் ஏழு பேருக்கு முன்னால் குறுக்கே நிற்கும். அந்த ஏழு பேரும் அப்போதுதான் மறைவிடத்திலிருந்து எழுந்துகொண்டிருப்பார்கள்.

வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் ஒவ்வொருவருக்கும் முகத்துக்கு நேர் எதிரே சுமார் 45 பாகை விசிறியை வரைந்து காட்டி, அதற்குள் மட்டும் சுடு என்கிறார்கள். வரிசையாக நடந்து வேட்டையாடும்போது மூன்று பேருக்கு மேல் வேண்டாம் என்பதும் அங்கே சொல்லித்தரும் பாடம்தான். இவை காகிதத்தில் எளிது. நான்கு மணிக்கே எழுந்து, இரண்டு மணி நேரம் குளிரில் கிடந்து, தலைக்கு மேல் சிறகோசை கேட்கும் நொடியில் மனிதனுக்குப் பாகை கணக்கெல்லாம் நினைவுக்கு வராது. அதனால் நினைவில் வைக்க வேண்டியதைக் குறைப்பதுதான் வழி. மூன்று பேர் இருந்தால் இடது உனக்கு, வலது எனக்கு, நடு அவருக்கு என்று ஒரே மூச்சில் பிரித்துவிடலாம். எட்டுப் பேருக்கு அப்படி ஒரு பங்கீடு கிடையாது. வானம் அவ்வளவு அகலமாகப் பிரிவதில்லை.

காது விஷயத்தையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இந்த வேட்டையில் பயன்படும் துப்பாக்கியான ஷாட்கன்னின் வெடிச்சத்தம் 140 டெசிபலைத் தாண்டுவது. ஒரே வெடியே காதுக்குக் கேடு விளைவிக்கக்கூடிய அளவு அது. தன் துப்பாக்கியைவிடப் பக்கத்தில் இருப்பவருடைய குழல்முனை காதுக்கு நெருக்கமாக வந்தால் இன்னும் மோசம். நெருக்கியடித்து உட்காரும் மறைவிடத்தில் இது நடந்தே தீரும்.

தனியாகப் போவது

கூட்டத்தில் அலுத்தவர்கள் உடனே மறுகோடிக்குப் போய், இனிமேல் தனியாகத்தான் என்பார்கள். நானும் சொன்னேன். தனி ஆளுக்குச் சில இடங்களில் நிகரே இல்லை. வளைந்து ஓடும் சிறு ஓடை, கரையில் புதர், அடுத்த வளைவில் நாலைந்து வாத்து. அங்கே பதுங்கிப் போய் எழுப்பிச் சுடுவதற்கு ஆள் கூடினால் காரியம் கெட்டது. பறவையை ஏமாற்றி இறங்க வைக்கும் பொம்மை வாத்துகள் ஒரு டஜனை முதுகில் போட்டுக்கொண்டு, பறவை எங்கே இறங்க விரும்புகிறதோ அங்கே போய் நாணலோடு நாணலாக நின்றுவிடலாம். காற்று மாறினால் பத்து நிமிடத்தில் இடம் மாறலாம். பிரிட்டனின் கடலோரச் சதுப்புகளில் இன்றும் பலர் தனியாகவே போகிறார்கள். அங்கே அந்த வேட்டைக்கே தனிமையான ஒரு குணம் உண்டு.

ஆனால் தண்ணீர் தனியாளை மன்னிக்காது. குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்கு வராது. அதற்குப் பிறகு கைகால் சொன்னபடி கேட்பது ஏறக்குறைய 10 நிமிடம். நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். மிதவை அங்கி இல்லாதவர் அந்த ஒரு மணி நேரத்தைப் பார்ப்பதே அரிது, முதல் பத்து நிமிடத்திலேயே மூழ்கிவிடுவார். மார்பளவு வரும் நீர்காப்பு உடைக்கு வேடர்ஸ் என்று பெயர். தமிழில் எழுதினால் வேட்டைக்காரருக்கே வைத்த பெயர்போல இருக்கிறது. இடுப்பு வாரை இறுக்காமல் விழுந்தால் அதற்குள் தண்ணீர் புகுந்து, எழுந்து கரையேறுவதே பெரும்பாடாகிவிடும். இரண்டாவது ஆள் இருந்தால் கை கொடுப்பார். இல்லையென்றால் சேற்றில் சிக்கிய ஒரு கால் போதும்.

எனக்கு நானே வைத்திருக்கும் விதி இது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் தனியாக இறங்க மாட்டேன். படகு என்றால் தனியாகவே இல்லை. எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். விழுந்த பறவையை எடுக்க நியாயமான முயற்சி செய்தாக வேண்டும் என்பதும் சட்டம். நாய் இல்லாமல் தனியாக இருப்பவர், ஆழமான கால்வாய்க்கு அந்தப் பக்கம் விழக்கூடிய பறவையைச் சுடாமல் விடுவதுதான் மரியாதை. இப்படி விட்டுவிட்ட பறவைகள் எனக்கு நிறைய.

இரண்டு பேர்

நீர்நிலை வாத்துக்கு இரண்டு பேர் போதும் என்பது என் கருத்து. போதும் என்றால் சமாளித்துக்கொள்ளலாம் என்ற பொருளில் சொல்லவில்லை. சிறு குளம், வெள்ளம் புகுந்த மரக்காடு, நாணல் ஓரம், தோணி எல்லாவற்றுக்கும் அளவு சரியாக இருக்கும். வாத்துபோலக் கத்தி அழைக்கும் ஊதலை ஒருவர் ஊதினால் மற்றவர் பார்ப்பார். மேலே சுற்றும் வாத்து முதலில் பார்ப்பது அண்ணாந்த முகங்களைத்தான். முகம் வெயிலில் வெள்ளையாகப் பளிச்சிடும். இரண்டு முகங்களை மறைப்பது எளிது, ஐந்து முகங்களில் ஒன்றாவது நிமிர்ந்தே தீரும்.

ஆர்கன்சா மாநிலத்தின் ஸ்டட்கார்ட் பக்கம் போல வெள்ளம் நிற்கும் ஓக் காடுகளில், மரத்தோடு ஒட்டி நின்று காலால் தண்ணீரைக் கலக்கி அலை எழுப்புவார்கள். பொம்மைகள் உயிருள்ளவைபோல அசையும். மரங்களுக்கிடையே வானம் ஒரு சிறு வட்டமாகத்தான் தெரியும். அந்த வட்டத்துக்குள் இறங்கும் வாத்தை இரண்டு, மிஞ்சினால் மூன்று பேர் பங்கிடலாம். அதற்கு மேல் வந்தால், மரத்துக்குப் பின்னால் நிற்கும் நண்பர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் போகும்.

புதிதாக வருகிறவருக்குக் கற்றுக்கொடுக்கவும் இந்த அளவுதான். அப்போது கற்றுக்கொடுப்பவர் துப்பாக்கி எடுக்காமல் போவது உத்தமம். அமெரிக்காவில் இளையோருக்கென்று ஒதுக்கும் வேட்டை நாட்களில் கூட வரும் பெரியவர் வாத்து சுடக் கூடாது என்றே விதி இருக்கிறது. மற்ற நாட்களிலும் அதைக் கடைப்பிடித்தால் பையனின் குழல்முனை மேல் ஒரு கண் வைக்க முடியும்.

இரண்டு பேர் தடுமாறுவது கூஸ் வயலில். முழு உருவ கூஸ் பொம்மைகள் ஐந்தாறு டஜனை வண்டியிலிருந்து இறக்கி, இருட்டில் பரப்பி, இரண்டு மறைவிடங்களுக்கு வைக்கோல் செருகி, வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு ஓடி வருவதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். வியர்வையோடு படுத்தால் அரை மணி நேரத்தில் குளிர் எலும்பைத் தொடும். முடிந்ததும் அத்தனையையும் மறுபடி பொறுக்க வேண்டும். முதுகு கேட்கும்.

மூன்றும் நான்கும்

ஆக, வயல் என்றால் மூன்று அல்லது நான்கு. இந்த இரண்டில் எது என்று கேட்டால், நாய் இருந்தால் மூன்று, இல்லையென்றால் நான்கு என்பேன். நல்ல லாப்ரடார் ஒன்று தேடி எடுக்கும் வேலையில் ஓர் ஆளுக்குமேல் உழைக்கும். நாய் பார்க்கிறவர் பாதி நேரம் நாயைத்தான் பார்ப்பார், அதனால் அவரை அரைத் துப்பாக்கி என்றே கணக்கு வைக்கலாம். நாயை வரிசையின் ஒரு கோடியில் வைக்க வேண்டும். நடுவில் வைத்தால் அது பாயும்போது யாராவது தாழ்வாகச் சுட்டுக்கொண்டிருப்பார்கள். தாழப் பறப்பதைச் சுடுவதில்லை என்று நாய் இருக்கும் நாட்களில் நாங்கள் முதலிலேயே பேசிக்கொள்வோம்.

நான்கு பேருக்கு வேலை இயல்பாகவே பிரிந்துவிடும். இரண்டு பேர் பொம்மை பரப்ப, ஒருவர் மறைவிடத்துக்குப் புல் சேர்க்க, ஒருவர் வண்டியை அப்புறப்படுத்தத் தயாராக நிற்பார். கூரை வடிவில் நிற்கும் ஏ-ஃபிரேம் மறைவிடங்களில் பல, நான்கு பேர் தோளோடு தோள் உட்காரும் அளவில்தான் வருகின்றன. படுக்கை மறைவிடத்தைவிட எனக்கு இதுவே பிடிக்கும். எல்லாரும் ஒரே உயரத்தில், ஒரே சமயத்தில் எழுந்து நிற்பார்கள். பக்கத்தவர் குழல் எங்கே இருக்கிறது என்று திரும்பாமலே தெரியும்.

உட்காரும் வரிசையில் கொஞ்சம் யோசனை வேண்டும். பறவை காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்று நம் முதுகுக்குப் பின்னாலிருந்து வீசினால் அவை நேரே முகத்துக்கு வரும். பக்கக் காற்றாக இருந்தால் ஒரு கோடியாளுக்கே முதல் வாய்ப்பு திரும்பத் திரும்பப் போகும், மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். நான்கு பேராக இருக்கும்வரை ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் இடம் மாறி உட்கார்ந்து இதைச் சரிசெய்துவிடலாம். எட்டுப் பேரோடு இடம் மாறுவதென்றால் கல்யாண வீட்டில் பந்தி எழுப்புவதுபோல. வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் திரும்பிச் சுடுவது எளிது. அதனால் அவரை இடக்கோடியில் வைத்தால் அவர் எளிதாகத் திரும்பும் திசை வெளிப்பக்கமாக அமையும். இடக்கைக்காரர் யாராவது இருந்தால் வலக்கோடி அவருக்குத்தான். புதியவரை ஒருபோதும் கோடியில் வைக்க வேண்டாம். நிதானமான இருவருக்கு நடுவில் வைத்தால் அவர் இரண்டு பக்கமும் அதிகம் திரும்ப மாட்டார்.

சுடும் நேரத்தைச் சொல்வது ஒரே ஒருவராக இருக்க வேண்டும். குழு எந்த அளவாக இருந்தாலும் இது பொருந்தும், ஆனால் நான்கு பேருக்குள் இருந்தால்தான் இது நடக்கும். ஐந்தாவது ஆள் வந்ததும் ஏதோ காரணத்தால் இரண்டாவது தலைவர் முளைத்துவிடுகிறார். ஊதலும் அப்படியே. இரண்டு பேர் ஊதினால் கூட்டம்போலக் கேட்கும், ஐந்து பேர் ஊதினால் சந்தை.

நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்கும்போதும் எண் முக்கியம். “நாங்க மூணு பேர், ஒரு வண்டி” என்று சொல்லிவிட்டு மூன்று வண்டியில் போய் நின்றால் அடுத்த ஆண்டு அந்த வயல் இல்லை. பொது நிலங்களில் பல இடங்களில் ஒரு மறைவிடத்துக்கு இத்தனை பேர் என்று விதியே எழுதியிருக்கும்.

வழிகாட்டி வைத்துப் போகிறவர்கள் இதை வேறுவிதமாகச் சந்திப்பார்கள். அவர்களுக்கு இடம் நிரம்ப வேண்டும். நீங்கள் இருவராகப் போனால் முன்பின் தெரியாத நால்வரோடு சேர்த்து உட்கார வைக்கலாம். அவர்கள் எப்படித் துப்பாக்கி பிடிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பணம் கட்டும் முன்பே எத்தனை பேரோடு உட்கார வேண்டியிருக்கும் என்று கேட்டுவிடுங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே, வழிகாட்டியோடு போவதென்றால் நான்கு பேரை நாமே சேர்த்துக்கொண்டு போவது நல்லது.

ஆறுக்கு மேல் எப்போது சரி

கூட்டம் கூடிப் போவதற்கு நியாயமான ஓர் இடம் உண்டு. அது ஸ்னோ கூஸ். இந்த வெள்ளைக் கூஸ்கள் அளவுக்கு மீறிப் பெருகி, ஆர்க்டிக் பகுதியில் தாங்கள் இனம் பெருக்கும் நிலத்தின் புல்லையே வேரோடு தின்று பாழாக்கத் தொடங்கியதால், அமெரிக்காவில் 1999 முதல் வசந்த காலத்தில் இவற்றுக்கென்று தனிச் சலுகை வந்தது. அந்தக் காலத்தில் மின்னணு ஊதல் பயன்படுத்தலாம், மூன்று தோட்டா வரம்பு இல்லை, ஒரு நாளைக்கு இத்தனை பறவை என்ற வரம்பும் இல்லை. இவை ஆயிரக்கணக்கில் வரும், ஆயிரக்கணக்கான கண்களோடு வரும். பத்து இருபது பொம்மைக்கு ஏமாறாது. ஐந்நூறு, ஆயிரம் என்று காற்றில் அசையும் துணிப் பொம்மைகளை நட வேண்டும். இது ஊர் கூடித் தேர் இழுக்கிற வேலை. எட்டுப் பேர் இருந்தாலும் எல்லாருக்கும் வேலை இருக்கும். கூட்டமும் பெரிது என்பதால் ஒரே பறவையை நால்வர் சுடும் தொல்லை குறைவு.

அங்கேயும் வரிசைக் கோணம் மாறப்போவதில்லை. தோட்டா வரம்பு இல்லாததால் ஆபத்து இன்னும் கூடுதல். அதனால் நாங்கள் எட்டுப் பேர் நட்டாலும் நான்கு பேர்தான் சுடுவோம். மற்ற நால்வர் பின்னால், தோட்டா இல்லாத துப்பாக்கியோடு. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வோம். இன்னொரு வழி, இரண்டு நால்வர் குழுவாகப் பிரிந்து வேறு வேறு வயலுக்குப் போவது. பக்கத்துப் பக்கத்து வயல் கூடாது. பெரிய எஃகு ரவை 200 மீட்டருக்கு மேலும் போய் விழும். கொல்லாது என்றாலும் கண் என்று ஒன்று இருக்கிறதே.

மாற்றி மாற்றிச் சுடும் இந்த ஏற்பாட்டைக் கடலோரத்திலும் பெரிய ஏரிகளிலும் பார்க்கலாம். திறந்த நீரில் நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் தட்டையான படுக்கைப் படகில் ஒருவரோ இருவரோதான் படுக்க முடியும். மற்றவர்கள் தூரத்தில் பெரிய படகில் காத்திருப்பார்கள். விழுந்ததை எடுப்பது, படகு கவிழ்ந்தால் ஓடி வருவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. நான்கு பேர் போவார்கள், இரண்டு பேர் சுடுவார்கள், யாருக்கும் மனக்குறை இருக்காது. வயல்காரர்கள் இதை ஏன் பழகிக்கொள்ளவில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை. வண்டி பக்கத்திலேயே இருப்பதால் எல்லாரும் ஒரேயடியாக உட்கார்ந்தால்தான் வேட்டை என்று நினைக்கிறோமோ என்னவோ.

படகு என்றதும் இன்னொன்று. எத்தனை பேர் ஏறலாம் என்று படகின் தகட்டில் எழுதியிருக்கும் எண்ணில் பொம்மை மூட்டையும் ஈரமான நாயும் சேர்த்தி இல்லை. எடை வரம்பு என்று பக்கத்தில் இன்னோர் எண் இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். மூன்று பேருக்கான சிறு படகு வேட்டை நாளில் இரண்டு பேருக்கானது.

சரி, வெள்ளிக்கிழமை இரவு மைத்துனர் வருகிறேன் என்கிறார். நான் இப்போதெல்லாம் மறுப்பதில்லை. “வாங்க மச்சான், ஆனா மறைவிடத்துல நாலு இடம்தான். முதல் ஒரு மணி நேரம் நீங்க பின்னாடி வண்டிகிட்ட இருந்து கூட்டம் எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாத்துச் சொல்லுங்க, அப்புறம் என் இடத்துல உட்காருங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன பருவத்தில் அப்படி வந்தவர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, எங்கள் வலக்கோடி மறைவிடம் வயலின் நிறத்தோடு ஒட்டாமல் கறுப்பாகத் தெரிகிறது என்றார். நாங்கள் உள்ளே உட்கார்ந்துகொண்டு, பறவை ஏன் விலகுகிறது என்று காலையெல்லாம் காற்றைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். இரண்டு கட்டு வைக்கோலைச் செருகியதும் அடுத்த கூட்டம் நேரே வந்தது. அப்போது என் இடத்தில் உட்கார்ந்திருந்தது அவர்தான்.